ஜூரிச் நகரத்துச் சுரூபங்கள்

ஒரே வேதாகமத்தை வாசித்து வளர்ந்த இரண்டு தமிழ்ப் பிள்ளைகளிடம் பத்துக் கற்பனைகளில் இரண்டாவது எதுவென்று கேட்டால், தரங்கம்பாடி வழிவந்த லுத்தரன் சபைப் பிள்ளை தேவனுடைய நாமத்தை வீணாக வழங்கலாகாது என்பதைச் சொல்லும். தென்னிந்தியத் திருச்சபைப் பிள்ளையோ சுரூபங்களைச் செய்து வணங்கலாகாது என்பதைச் சொல்லும். கற்பனைகள் பத்தும் ஒன்றே, எண்ணிக்கைதான் வேறு. இடைக்கால மேற்கத்தியத் திருச்சபை சுரூபத்தைப் பற்றிய வாக்கியத்தை முதற் கற்பனையோடு சேர்த்தே எண்ணிவந்தது; லுத்தரும் அவ்வழக்கத்தை மாற்றவில்லை. அதைத் தனியே பிரித்து இரண்டாம் கற்பனையாக நிறுத்திய இடங்களுள் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரம் முந்தியது. எண்ணிக்கையில் நேர்ந்த அச்சிறு மாறுதலுக்குப் பின்னே ஒரு நகரத்தார் தங்கள் வழிபாட்டைத் தாங்களே விசாரணை செய்துகொண்ட பெருங்கதை ஒன்று உண்டு.

1519ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் அந்நகரத்துப் பெரிய ஆலயமாகிய குரோஸ்மூன்ஸ்டரில் குருவாக வந்தமர்ந்த உல்ரிச் ஸ்விங்கிலி, அதற்கு முன் ஐன்சீடெல்ன் என்னும் க்ஷேத்திரத்தில் ஊழியம் செய்தவர். அங்கே தேவமாதாவின் சுரூபத்தை நாடித் தூர தேசங்களிலிருந்து யாத்திரிகர்கள் திரள் திரளாய் வந்து, நேர்த்திக்கடன் செலுத்தி, மெழுகுதிரி ஏற்றி, பாவநிவாரணம் பெற்றதாக நம்பித் திரும்பிச் செல்வதை அவர் அணுகியிருந்து கண்டவர். கிறிஸ்துவிடத்தில் செல்லவேண்டிய நம்பிக்கை மரத்திடத்தில் தங்கிவிடுகிறதே என்னும் கவலை அவர் மனத்தில் வேரூன்றியதற்கு அந்த அநுபவமும் ஒரு காரணமாயிருந்திருக்கும் என்றே நான் எண்ணுகிறேன்.

எதிர்க்கட்சியின் நியாயத்தையும் சொல்லிவிடவேண்டும். கி.பி. 600 அளவில் மகா கிரகோரி பாப்பரசர் மார்செய் நகரத்து ஆயருக்கு எழுதிய நிருபத்தில், எழுத்தறியாதாருக்குச் சித்திரங்களே வாசிப்பின் ஸ்தானத்தில் நிற்கின்றன என்று போதித்திருந்தார். 787இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கமோ, சுரூபங்களுக்குச் செலுத்தும் வணக்கம் வேறு, தேவனுக்கு மாத்திரம் உரிய ஆராதனை வேறு என்று வரையறுத்தது. பண்டிதர்கள் அந்தப் பேதத்தைத் தெளிவாக உணர்ந்திருந்தார்கள். ஆனால் பஞ்சத்திலும் நோயிலும் நடுங்கிய ஏழை மனிதன் ஒரு சுரூபத்தின் பாதத்தைப் பற்றிக்கொண்டு அழுதபோது அந்தப் பேதம் அவன் நெஞ்சில் நின்றதா என்பதுதான் ஜூரிச்சில் எழுந்த கேள்வி.

1523 செப்டம்பரில் நகர வாயிலுக்கு வெளியே ஸ்டாடல்ஹோபனில் நின்ற பெரிய மரச்சிலுவையை, கிளவுஸ் ஹொட்டிங்கர் என்னும் செருப்புத் தைக்கும் தொழிலாளி தம் தோழர்களுடன் சாய்த்துவிட்டார். அந்த மரத்தை விற்றுப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுப்பதே அவர் கருத்து. நகர மன்றத்தார் அவரைச் சிறையிலிட்டார்கள்; எனினும் அவர் செய்தது பாதகமா, பக்தியா என்று நிச்சயிக்க இயலாமல், அக்டோபர் 26ஆம் நாள் தொடங்கி மூன்று நாள் ஒரு மகா தர்க்கசபையைக் கூட்டினார்கள். அச்சபையில் கூஸ்னாக்ட் மடத்தின் தலைவராகிய கொன்ராட் ஷ்மிட் சொன்ன யோசனை என்னை எப்போதும் நெகிழச் செய்வது: பலவீனன் ஊன்றியிருக்கும் கோலை, அதனினும் உறுதியான கோல் ஒன்றை அவன் கையில் கொடுக்குமுன் பிடுங்கலாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். சுரூபங்களை ஆதரித்துப் பேசியவர் அல்லர் அவர். மக்களின் ஆத்துமாவுக்காக அஞ்சியவர். அவர் சொற்படியே மன்றம் தீர்ப்பைத் தள்ளிவைத்துப் பிரசங்கத்தினால் ஜனங்களைப் போதிக்க ஏற்பாடு செய்தது. ஹொட்டிங்கருக்கோ அந்தப் பொறுமையின் பலன் கிட்டவில்லை. ஜூரிச்சிலிருந்து நாடுகடத்தப்பட்ட அவர், 1524 மார்ச்சில் லூசெர்ன் நகரத்தாரால் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

அவ்வாண்டு ஜூன் 15ஆம் நாள் மன்றம் தன் ஆணையைப் பிறப்பித்தது. சுரூபங்களைச் செய்வித்து வைத்தவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் விரும்பினால் அவற்றைத் திரும்ப எடுத்துச் செல்லலாம். எஞ்சியவற்றைக் குருமாரும், தொழிற்சங்கங்களின் பிரதிநிதிகளும், தச்சரும் கல்தச்சரும் கொல்லருமாகக் கூடி, ஆலயக் கதவுகளை உள்ளே தாழிட்டுக்கொண்டு, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அகற்றினார்கள். சுவர்ச் சித்திரங்களின்மேல் வெள்ளை பூசப்பட்டது. தெருக்கூட்டத்தின் ஆவேசம் அங்கே இல்லை. கலைச்செல்வம் ஏராளமாய் அழிந்தது மெய்யே. அதை நினைத்து வருந்துகிறவர்களை நான் குறைகூறேன். ஆயினும் வணங்கப்படாத பலகணிக் கண்ணாடிச் சித்திரங்களை அகற்றவேண்டியதில்லை என்று ஸ்விங்கிலி கருதியதைக் கவனித்தால், அவர் பகைத்தது அழகை அன்று, இடம் மாறிப்போன வணக்கத்தையே என்பது விளங்கும்.

இதனை அவர் 1525இல் வாலன்டீன் கொம்பார் என்பவருக்கு எழுதிய மறுமொழியில் இன்னும் ஆழமாக ஆராய்ந்தார். கையால் செய்த விக்கிரகத்துக்கு முந்தி உள்ளத்தில் ஓர் அந்நிய தெய்வம் உருவாகிறது என்றும், மனிதன் எதில் தன் ஆதரவையும் ஆறுதலையும் வைக்கிறானோ அதுவே அவனுக்குத் தெய்வமாகிவிடுகிறது என்றும், அது செல்வமாகவும் கீர்த்தியாகவும் இருக்கக்கூடும் என்றும் அவர் கொண்டார். ஆலயத்தை வெறுமையாக்க இரண்டு வாரம் போதுமாயிருந்தது. நெஞ்சை வெறுமையாக்க எத்தனை காலம் வேண்டுமென்று எந்த மன்றமும் ஆணை எழுத இயலாது. அவரே பின்னாளில் வாளேந்திய சேனையுடன் கப்பெல் போர்க்களத்துக்குச் சென்று 1531 அக்டோபர் 11ஆம் நாள் மாண்டதை நினைக்கும்போது, சத்தியத்தைக் காக்க ஆயுதத்தின்மேல் வைக்கும் நம்பிக்கையும் அவ்வகைத் தெய்வங்களில் ஒன்றல்லவா என்று என் மனம் துயருறுகிறது.

ஆனால் ஹொட்டிங்கரின் எண்ணம் அவரோடு மாண்டுவிடவில்லை. தேவனுடைய மெய்யான சாயல் மரத்தில் அன்று, பசித்த மனிதனிடத்திலேயே இருக்கிறது; ஆகையால் சுரூபங்களுக்குச் செலவிட்ட பொருள் அவனையே சேரவேண்டும் என்னும் உபதேசம் நகரத்தில் ஊன்றிவிட்டது. 1525 ஜனவரியில் மன்றம் தர்மப் பரிபாலனச் சட்டம் ஒன்றை இயற்றி, மடங்களின் சொத்தை ஏழைகளின் போஷணைக்குத் திருப்பியது. அன்று தொடங்கித் தொமினிக்க மடத்து வாசலில் காலைதோறும் பெரிய கொப்பரையில் தானியக் கஞ்சி காய்ச்சி, ஏழைகளுக்கு வார்த்தார்கள்.