எம்மா போவரியின் புரோநோட்டுகள்

குஸ்தாவ் ஃப்ளோபேரின் ‘மதாம் போவரி’ நாவல் 1856 அக்டோபர் முதல் டிசம்பர் வரை ‘ரெவ்யூ த பாரி’ இதழில் ஆறு பகுதிகளாக வெளிவந்தபோது, இதழாசிரியர்களே அஞ்சிச் சில இடங்களை வெட்டியிருந்தும், பொது ஒழுக்கத்துக்கும் சமயத்துக்கும் அது இழுக்கு என்று அரசு வழக்குத் தொடுத்தது. 1857 ஜனவரி 29 அன்று அரசுத் தரப்பில் வாதாடிய எர்னெஸ்ட் பினார், மருத்துவர் மனைவி எம்மாவின் கள்ளக் காதல்களையே குற்றத்தின் மையமாக எடுத்துக்கொண்டார்; நீதிமன்றம் பிப்ரவரி 7 அன்று ஃப்ளோபேரைக் கண்டித்து விடுவித்தது. எனினும் நாவலில் எம்மாவைச் சாவுவரை இழுத்துச் செல்வது காதலைவிடக் கடன்தான் என்பதைப் பினார் கவனித்ததாகத் தெரியவில்லை.

அக்கடனின் வேர் அன்றைய சட்டத்தில் இருந்தது. நெப்போலியன் காலத்து 1804ஆம் ஆண்டு உரிமையியல் சட்டப்படி, கணவனின் சம்மதமின்றி மனைவி சொத்து வாங்கவோ விற்கவோ இயலாது. 1816இல் ஒழிக்கப்பட்ட மணவிலக்கு 1884 வரை மீளவில்லை. பிறன்வழிச் சென்ற மனைவிக்கு 1810ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் மூன்று மாதம் முதல் ஈராண்டு வரை சிறை விதித்திருக்க, வைப்பாட்டியை வீட்டிலேயே வைத்திருந்த கணவனுக்கோ அபராதம் மட்டுமே. ஆகவே எம்மாவின் ஆசைகள் எல்லாம் கணவனின் கையெழுத்தின் வழியாகவே நிறைவேற வேண்டியிருந்தன. துணி வணிகன் லெரோ இதை நன்கறிந்தவன். கடனுக்குச் சரக்கைக் கொடுத்து, புரோநோட்டு எழுதி வாங்கி, தவணை முடிந்ததும் வட்டியோடு புது நோட்டாக மாற்றி, இறுதியில் கணவனுக்காகக் கையெழுத்திடும் அதிகாரத்தை, அதாவது பவர் பத்திரத்தை, அவள் பெறும்படி தூண்டுகிறான். அப்பத்திரத்தைப் பற்றி ஆலோசிக்கச் செல்வதாகச் சொல்லித்தான் அவள் ரூவான் நகரில் காதலன் லெயோனுடன் மூன்று நாள் தங்குகிறாள் என்பது, ஃப்ளோபேரின் குரூரமான நகைச்சுவை.

கணவன் ஷார்லும் தன்னை ஏமாற்றிக்கொள்பவனே. அவன் முழுத்தகுதி பெற்ற மருத்துவன் அல்லன். 1803ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்படுத்தி 1892இல் நீக்கப்பட்ட ‘ஒஃபிசியே த சாந்தே’ என்னும் இரண்டாந்தர வைத்தியர் வகுப்பைச் சேர்ந்தவன், பெரிய அறுவைச் சிகிச்சைகளை மருத்துவரின் மேற்பார்வையின்றிச் செய்யக்கூடாதவன். மனைவியின் புகழாசைக்கும் மருந்துக்கடைக்காரர் ஒமேயின் முகத்துதிக்கும் இணங்கி, விடுதிப் பணியாளன் ஒருவனின் வளைந்த பாதத்தை நிமிர்த்தப் போய், அவன் காலையே இழக்கச் செய்கிறான். பவர் பத்திரத்துக்கு அவன் தயங்காமல் இணங்குவதை அப்பாவித்தனம் என்று மட்டும் கொள்வதற்கில்லை. கேள்வி கேட்டால் விடை தெரிந்துவிடும் என்ற அச்சமும் அதில் ஒளிந்திருக்கிறது.

இருபத்துநான்கு மணி நேரத்தில் 8,000 ஃபிராங்கு செலுத்தக் கோரும் அறிவிப்பு வந்தபின் எம்மா நாடுவது, ஒமேயின் கடையில் இருந்த ஆர்செனிக் நஞ்சை. வழக்கின் பரபரப்பால் 1857 ஏப்ரலில் நூலாக வந்ததும் வேகமாக விற்ற இந்நாவலின் ஐந்தாண்டு உரிமைக்காகப் பதிப்பாளர் மிஷேல் லேவி ஃப்ளோபேருக்கு ஒப்புக்கொண்ட தொகை, 800 ஃபிராங்கு.