சார்லியின் பெயர் தாங்கிய அறை

ஆடித் தபசு விழாக் காலத்தில் சங்கரன்கோவிலுக்குச் சென்றவர்கள், இரவில் தலைசாய்க்க ஓரிடம் தேடி அலைந்திருப்பார்கள். நம் நாட்டில் வழிப்போக்கர் தங்கும் சத்திரங்களுக்குக் கட்டியவர் பெயரே வழங்கும். மதுரை மங்கம்மாள் சத்திரத்தை யாவரும் அறிவர். அங்கே தங்கிச் சென்றவர்களை அறிந்தவர் எவர்? மேல்நாட்டு முறையில் அமைந்த பெருவிடுதிகளிலோ, தங்கிய விருந்தினரின் பெயரை அறைக்குச் சூட்டும் வழக்கமும் உண்டு.

சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் விடுதி என்று ஒன்று உளது. ஆர்மீனியரான சார்க்கீஸ் சகோதரர்கள் 1887-ல் பத்தே அறைகளுடன் தொடங்கியது அது. அங்குள்ள அறைத்தொகுதிகளுள் ஒன்றுக்குச் சார்லி சாப்ளினின் பெயர் இடப்பட்டிருக்கிறது. 1932-ல் அவர் தம் தமையன் சிட்னியுடன் உலகைச் சுற்றிவருகையில் இலங்கையைக் கண்டு, சிங்கப்பூருக்கும் வந்தார்.

அந்த அறையில் தங்குவதற்குக் கொடுக்க வேண்டிய வாடகையை நாம் பேச வேண்டா! ஆனால் அந்தப் பெயருக்குரியவர், 1896-ல், ஏழு வயதுப் பாலகனாக, இலண்டனில் ஏழைகளை அடைத்துவைக்கும் தொழில் விடுதிக்குத் தாயுடன் சென்றவர் என்பதை மறத்தலாகாது. தொளதொளத்த காற்சட்டையும் பெரிய காலணியும் வளைந்த கைத்தடியுமாக 1914-ல் அவர் திரையில் தோன்றிய நாடோடிக்கு ஒரு வீடும் கிடையாது; அவனை விரட்டாத வாயில் காவலனும் கிடையாது. அவன் பெயரைத் தாங்கியதோ மாளிகை போன்ற அறை! இம்முரண்பாட்டைக் கண்டால் அவரே முதலில் நகைத்திருப்பார்.

வீடு என்பது பிற்காலத்திலும் அவருக்கு எளிதாக அமையவில்லை. 1952-ல் கப்பலில் இங்கிலாந்து செல்லும்போதே, அமெரிக்கா திரும்பும் அனுமதி நீக்கப்பட்டது. நாற்பது ஆண்டு உழைத்த நாட்டில் அவர் விருந்தினரேயாயினார். சுவிட்சர்லாந்தில் வெவே நகருக்கு அருகில் அவர் வாழ்ந்த இல்லம் 2016-ல் காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

அறைக்குப் பெயர் வைப்பது எளிது. படம் இருந்தால்தான் அப்பெயருக்கு உயிருண்டு. சார்லியின் ஊமைப் படங்களுட் பெரும்பாலானவை இன்றும் நம் கண்முன் ஓடுகின்றன. நம் ஊமைப் படங்களின் கதை வேறு. திருச்சியில் ரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரின் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரமடித்துப் படம் காட்டினார். 1910-களின் பிற்பாதியில் சென்னையில் நடராஜ முதலியார் ‘கீசக வதம்’ எடுத்தார். அதில் ஓரடிச் சுருள்கூட இன்று எஞ்சவில்லை.

நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர்ராஜ் தயாரித்த ‘மார்த்தாண்ட வர்மா’ 1933-ல் வெளியாகி, பதிப்புரிமை வழக்கில் சிக்கிப் பறிமுதலாயிற்று. அச்சுருள் 1974-ல் மீட்கப்பட்டுப் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தது. பறிமுதலானதே அதற்கு நற்பேறாயிற்று என்பேன். ஊர் ஊராக ஓடிய படங்களோ தேய்ந்தே போயின.