மாலை ஆறு மணிக்குப் பின்: கப்பல் விருந்து உடையின் வரலாறு

சுற்றுலாக் கப்பலில் இடம் பதிவு செய்தவர்களுக்கு நிறுவனம் அனுப்பும் குறிப்புகளில் கடவுச்சீட்டு, மருந்து, பெட்டிகள் பற்றிய அறிவுரைகளுக்கிடையே மற்றொரு பகுதியும் இருக்கும். மாலை ஆறு மணிக்குப் பின் என்ன உடை அணிய வேண்டும் என்பதை அது சொல்லும். சில இரவுகள் சாதாரண இரவுகள். சில இரவுகள் விருந்து இரவுகள். விருந்து இரவில் ஆண்களுக்குக் கறுப்பு டின்னர் ஜாக்கெட்டும் போ டையும், பெண்களுக்கு நீண்ட மாலை உடையும் எதிர்பார்க்கப்படும் என்று சில நிறுவனங்கள் எழுதுகின்றன.

நம் குடும்பங்களில் இதைப் படிப்போருக்கு இரண்டு ஐயங்கள் எழுவது இயல்பு. நாம் வழக்கமாக அணியும் கண்ணியமான உடைக்கு அந்த உணவுக்கூடத்தில் இடம் உண்டா? இல்லையென்றால், ஒரு வேளை உணவுக்காக வேறொருவர் உடைக்குள் நாம் புகுந்துகொள்ள வேண்டுமா? இவற்றுக்கு விடை காண, இந்த வழக்கம் எங்கே பிறந்தது, யாருக்காகப் பிறந்தது, எப்படி மாறியது என்பதை அறிந்துகொள்வது நல்லது.

விதியே இல்லாத காலம்

நீராவிக் கப்பல்கள் பெருங்கடலைக் கடக்கத் தொடங்கிய நாள்களில் மாலை உடை என்ற பேச்சே இல்லை. குனார்டு நிறுவனத்தின் முதல் அட்லாண்டிக் கப்பலான பிரிட்டானியா 1840இல் புறப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து அதில் அமெரிக்கா சென்ற சார்லஸ் டிக்கன்ஸ், தமக்குக் கிடைத்த அறையின் சிறுமையையும் கடல் கொந்தளிப்பில் பட்ட துன்பத்தையும் நகைச்சுவையோடு எழுதி வைத்தார். அன்றைய பயணியின் கவலை நலமாகக் கரை சேர்வது ஒன்றே. உணவு மேசையில் தட்டுகள் உருண்டு விழாமல் இருக்க விளிம்பில் சட்டம் பொருத்த வேண்டியிருந்த இடத்தில், சட்டையின் கஞ்சி விறைப்பைப் பற்றி யார் கவலைப்பட முடியும்?

இன்பப் பயணம் என்ற எண்ணமும் அப்போதுதான் அரும்பிக்கொண்டிருந்தது. 1844இல் பி அண்டு ஓ நிறுவனம் மத்தியதரைக் கடலுக்குச் சுற்றுப்பயணங்களை அறிவித்தது. எழுத்தாளர் தாக்கரேயை இலவசமாக அழைத்துச் சென்று, அவர் எழுத்தின் வழியே விளம்பரமும் பெற்றது. அவருடைய பயண நூல் 1846இல் வெளிவந்தது.

கரையிலிருந்து கப்பலேறிய வழக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கப்பல்கள் பெரிதாயின. எண்ணெய் விளக்குகளின் இடத்தில் மின்விளக்குகள் வந்தன. உணவுக்கூடங்கள் பெருநகர விடுதிகளின் சாயலைப் பெற்றன. இங்கிலாந்தின் செல்வக் குடும்பங்களில் இரவு உணவுக்கு முன் உடை மாற்றிக்கொள்வது அன்றாடக் கடமையாக இருந்தது. அந்தக் குடும்பங்கள் கப்பலேறியபோது வழக்கமும் கூடவே ஏறிற்று.

அவ்வுடையும் அப்போது மாறிக்கொண்டிருந்தது. பின்புறம் நீண்டு தொங்கும் வால் கோட்டும் வெள்ளை டையும் முறையான மாலை உடையாக இருந்தன. 1865இல் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரானவர், வீட்டில் இலகுவாக அணிந்துகொள்ள வாலில்லாத குட்டைக் கோட்டு ஒன்றை இலண்டனின் ஹென்றி பூல் தையலகத்தில் தைக்கச் சொன்னார் என்று அந்நிறுவனம் தன் வரலாற்றில் கூறுகிறது. அத்தகைய கோட்டு அமெரிக்காவுக்கும் பரவியது. நியூயார்க் அருகே 1886இல் தொடங்கிய டக்ஸீடோ பார்க் மன்றத்தின் பெயரால் அது அங்கே டக்ஸீடோ எனப்பட்டது. இன்று ‘மிக முறையான உடை’ என்று நாம் மலைத்துப் பார்க்கும் அந்தக் கோட்டு, பிறந்தபோது சற்றுத் தளர்வான வீட்டு உடையாகவே கருதப்பட்டது என்பது நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

1891இல் ஹாம்பர்க்கைச் சேர்ந்த ஆல்பர்ட் பாலின், குளிர்காலத்தில் அட்லாண்டிக் பயணிகள் குறைவதைக் கண்டு, அகஸ்டா விக்டோரியா என்ற கப்பலை மத்தியதரைக் கடலுக்கு இன்பப் பயணமாக அனுப்பினார். பயணம் ஓர் இடத்தை அடைவதற்காக என்ற நிலை மாறி, கப்பலில் இருப்பதே பயணத்தின் நோக்கமாயிற்று. நீண்ட மாலைப் பொழுதுகளை நிரப்ப விருந்தும் இசையும் வந்தன. அவற்றோடு உடை விதியும் வேரூன்றிற்று.

இந்த விதிக்கு நடைமுறை சார்ந்த விலக்குகளும் இருந்தன. முதல் இரவும் கடைசி இரவும் யாரும் விருந்து உடை அணிவதில்லை. முதல் இரவில் பெட்டிகள் பிரிக்கப்பட்டிருக்கா. கடைசி இரவில் அவை மீண்டும் கட்டப்பட்டிருக்கும். பயணத்தில் தேவைப்படும் பெட்டி, தேவைப்படாத பெட்டி என்று இரு வகை ஒட்டுச்சீட்டுகள் இருந்தன. மாலை உடை இருக்கும் பெட்டி தவறிக் கீழ்த்தளச் சரக்கறைக்குப் போய்விட்டால், அதை மீட்டெடுப்பது பெரும்பாடு.

யாரை உள்ளே விட, யாரை வெளியே நிறுத்த

இந்த வழக்கத்தின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மாலை உடை முதல் வகுப்புக்கு உரியது. ஒரே கப்பலில், சில தளங்கள் கீழே, புலம்பெயர்ந்து போகும் ஏழைக் குடும்பங்கள் தங்களிடம் இருந்த ஒன்றிரண்டு உடைகளோடு பயணம் செய்தன. வகுப்புகளைப் பிரிக்கக் கதவுகளும் படிக்கட்டுகளும் இருந்தன. உடையும் அதே வேலையைச் செய்தது. தவறான கதவைத் திறந்து வந்துவிட்ட ஒருவரை, அவர் வாய் திறக்கும் முன்பே உடை காட்டிக்கொடுத்துவிடும்.

1912இல் டைட்டானிக் மூழ்கிய இரவில், அமெரிக்கச் செல்வந்தர் பெஞ்சமின் குக்கன்ஹைம் உயிர்காப்பு அங்கியைக் கழற்றிவிட்டு, தம் பணியாளரோடு மாலை உடை அணிந்துகொண்டு மரணத்தை எதிர்கொண்டார் என்று உயிர் தப்பிய கப்பல் ஊழியர் ஒருவர் தெரிவித்தார். ஒரு வகுப்பு தன் மதிப்பை உடையோடு எவ்வளவு இறுகப் பிணைத்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதே இரவில் மூன்றாம் வகுப்புப் பயணிகள் முதல் வகுப்பினரைவிட மிகப் பெரிய விகிதத்தில் உயிரிழந்தனர் என்பதையும் அதன் அருகிலேயே வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த ஆடம்பரத்தின் உச்சம் 1935இல் வந்த பிரெஞ்சுக் கப்பலான நார்மண்டி. அதன் முதல் வகுப்பு உணவுக்கூடம் ஏறத்தாழ 93 மீட்டர் நீளமுடையது. லாலிக் கண்ணாடி விளக்குகளால் ஒளிர்ந்தது. விருந்தினர்கள் படிக்கட்டில் இறங்கியே கூடத்துக்குள் வர வேண்டும். இறங்கி வருபவரின் உடையை எல்லோரும் காண வேண்டும் என்பதே அந்த அமைப்பின் நோக்கம்.

செங்கடல் கற்பித்த பாடம்

அட்லாண்டிக்கின் குளிரில் பிறந்த வழக்கத்துக்குக் கீழைக் கடல்களில் சோதனை காத்திருந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட பின், ஐரோப்பாவிலிருந்து பம்பாய்க்கும் கொழும்புக்கும் சென்ற கப்பல்கள் செங்கடல் வழியே வந்தன. குளிரூட்டும் வசதி இல்லாத அந்நாளில், செங்கடலின் வெக்கையில் கம்பளிக் கோட்டு அணிந்து உணவருந்துவது தண்டனைக்கு ஒப்பானது. எனவே வெள்ளை ஜாக்கெட் வழக்கில் வந்தது. பின்னர் கோட்டையே களைந்துவிட்டு, வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, இடுப்பில் ஒரு துணிக்கச்சை ஆகியவற்றோடு உணவருந்தும் முறையும் ஏற்கப்பட்டது. செங்கடலின் பெயராலேயே அவ்வுடை இன்றும் அழைக்கப்படுகிறது.

அந்தக் கச்சைக்கு ஆங்கிலேயர் வழங்கிய பெயர் ‘கமர்பண்டு’. ‘இடுப்புக் கட்டு’ என்று பொருள்படும் கமர்பந்த் என்ற பாரசீகச் சொல் உருது வழியாக அவர்கள் நாவில் ஏறியது. இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரிகள் இங்குள்ளோர் அணிந்ததைக் கண்டு தாமும் அணிந்தனர். ஐரோப்பிய உடை என்று நாம் எண்ணும் ஒன்றின் நடுவிலேயே நம் நிலத்தின் துணி சுற்றியிருக்கிறது.

அதே கப்பல்களைச் செலுத்தியவர்களில் பெருந்தொகையினர் இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்த மாலுமிகள். லஸ்கர்கள் எனப்பட்ட அவர்களில் குஜராத், கொங்கணம், சில்ஹெட் முதலிய பகுதிகளின் முஸ்லிம்கள் பலர். நீல நிற நீண்ட சட்டையும் இடுப்பில் கட்டிய சிவப்புத் துணியும் தலையில் தொப்பியும் அவர்களின் சீருடை. மேல்தளத்தில் விருந்துண்டவர் இடுப்பிலும் ஒரு துணிக்கச்சை. தளத்தைக் கழுவியவர் இடுப்பிலும் ஒரு துணிக்கச்சை. ஆனால் ஒருவர் மேசைக்கு மற்றவர் விருந்தினராக வர இயலாது. ஆகவே பிரித்து வைத்தது துணி அன்று. அதை அணிந்தவரின் நிலையே.

இவ்வழியில் சென்ற இந்தியப் பயணிகளின் சங்கடத்துக்குக் காந்தியடிகளின் அனுபவம் நல்ல எடுத்துக்காட்டு. 1888இல் சட்டம் படிக்க எஸ்.எஸ். கிளைட் கப்பலில் புறப்பட்ட பதினெட்டு வயது இளைஞர், முள்கரண்டியைக் கையாளத் தெரியாத கூச்சத்தால் உணவுக்கூடத்தைத் தவிர்த்து, பெரும்பாலும் தம் அறையிலேயே உண்டார். கப்பலில் கறுப்பு உடை அணிந்தவர், இறங்கும் நாளுக்கென்று வெள்ளை ஃபிளானல் உடையை வைத்திருந்தார். செப்டம்பர் இறுதியில் இங்கிலாந்தில் கால் வைத்தபோது, அப்படி உடுத்தியிருந்தவர் தாம் ஒருவரே எனக் கண்டு வெட்கமுற்றார். 1931இல் வட்டமேசை மாநாட்டுக்காக எஸ்.எஸ். ராஜ்புதானாவில் சென்றவரும் அவரே. அப்போது அவர் அணிந்திருந்தவை கதர் வேட்டியும் போர்வையும். இம்முறை அவர் வெட்கப்படவில்லை.

இதே செங்கடலில், இதே காலத்தில், முற்றிலும் வேறான ஓர் உடை மாற்றமும் நிகழ்ந்துவந்தது. பம்பாயிலிருந்து ஜித்தாவுக்கு ஹாஜிகளை ஏற்றிச் சென்ற கப்பல்கள் யலம்லம் எல்லைக்கு நேராக வரும்போது, ஆண்கள் தத்தம் உடைகளைக் களைந்து தைக்கப்படாத இரண்டு வெள்ளைத் துணிகளுக்கு மாறினர். வணிகரும் கூலியாளும் அதன்பின் தோற்றத்தில் ஒன்றாயினர். இந்தியாவிலிருந்து சென்ற இக்கப்பல் பயணங்கள் 1995இல் முடிவுற்றன. ஒரே கடலில் ஓர் உடை மாற்றம் மனிதரைத் தரம் பிரித்தது. மற்றொன்று தரத்தை அழித்தது.

வானூர்தி வந்த பின்

1958 அக்டோபரில் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கின் மேல் பயணிகளோடு பறக்கத் தொடங்கின. ஐந்து நாள் கடற்பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது. ஏறத்தாழப் பத்தாண்டுகளில் குயின் மேரி, குயின் எலிசபெத் ஆகிய பெருங்கப்பல்கள் ஓய்வு பெற்றன. பிழைத்திருக்க விரும்பிய நிறுவனங்கள் நடுத்தரக் குடும்பங்களைத் தேடிப் போயின. 1972இல் தொடங்கிய கார்னிவல் நிறுவனம் கேளிக்கையை முன்வைத்தது. பழைய விறைப்பு அதன் வாடிக்கையாளர்களுக்குத் தேவைப்படவில்லை. 2000இல் நார்வீஜியன் நிறுவனம், விரும்பிய நேரத்தில் விரும்பிய உடையில் உண்ணலாம் என்ற முறையை அறிமுகம் செய்தது.

இவ்வாறு இன்று இரு மரபுகள் அருகருகே உள்ளன. குனார்டு போன்றவை விருந்து இரவுகளைத் தங்கள் அடையாளமாகப் பேணுகின்றன. வேறு பல நிறுவனங்களில் நேர்த்தியான சாதாரண உடையே போதும். விருந்து உடையை விரும்பாதவர்களுக்குத் தாமே எடுத்து உண்ணும் கூடங்களைப் பெரும்பாலான கப்பல்கள் திறந்தே வைத்திருக்கின்றன.

நமக்கு உரிய இடம்

முதலில் எழுப்பிய ஐயங்களுக்கு இப்போது விடை கூறலாம். மாலை உடையில் கண்டிப்பான நிறுவனங்களின் குறிப்பிலும் பெரும்பாலும் ஒரு சொற்றொடர் இருக்கும்: டின்னர் ஜாக்கெட், அடர்நிற சூட், அல்லது தேசிய உடை. நாடுகளுக்கிடையிலான அரசு விருந்துகளின் அழைப்பிதழ்களில் வழங்கிய அந்தச் சொல், கப்பலிலும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஷெர்வானியும் பந்த்கலா கோட்டும் அதன்படி முறையான விருந்து உடைகளே. பெண்களின் நீண்ட மாலை உடை என்ற எதிர்பார்ப்புக்குப் பட்டுப் புடவையும் வேலைப்பாடமைந்த நீண்ட சல்வாரும் எவ்வகையிலும் குறைந்தவை அல்ல. அவற்றோடு அணியும் முக்காடும் விருந்து உடையின் ஒரு பகுதியே. தோளும் கையும் திறந்திருக்க வேண்டும் என்பது விதியன்று, சிலரின் வழக்கம் மட்டுமே.

ஒவ்வொரு கப்பலின் குறிப்பையும் முன்கூட்டியே படித்து, தெளிவில்லாததை நிறுவனத்திடம் கேட்டுக்கொள்வது நல்லது. விருந்து இரவுகள் எத்தனை என்று தெரிந்தால் பெட்டியின் சுமையும் குறையும்.

இந்த விதி பிறந்தபோது அதற்கு இரண்டு பொருள் இருந்தது. பொது மேசைக்கு வருபவர் உடன் உண்பவரை மதித்துத் தூய்மையாகவும் நேர்த்தியாகவும் வர வேண்டும் என்பது ஒன்று. தம்மைப் போல் இல்லாதவரை அந்த மேசைக்கு வரவிடாமல் தடுப்பது மற்றொன்று. இரண்டாவது பொருள் செங்கடலின் வெப்பத்திலும் ஜெட் விமானத்தின் வேகத்திலும் சிறிது சிறிதாகக் கரைந்தது. முதல் பொருள் எஞ்சி நிற்கிறது. அது நமக்குப் புதியதன்று. ஒரு நிக்காஹ் விருந்துக்குப் போகும்போது பெட்டியிலிருந்து எடுத்து மடிப்புக் கலையாமல் அணியும் உடையில் அந்த மரியாதை என்றும் இருந்து வந்திருக்கிறது. அதே உடையோடு, அதே மனநிறைவோடு கப்பலின் உணவுக்கூடத்துக்குள்ளும் செல்லலாம்.