வீட்டுக்கு மது அனுப்புதல்: தமிழ்நாட்டுச் சட்ட வரலாறு

கடலூர் மாவட்டக் குறிஞ்சிப்பாடியில் இருப்பவர் நாசிக்கில் உள்ள ஒயின் ஆலைக்குப் பணம் கட்டி, ஒரு பாட்டிலை நேரே வீட்டுக்கு வரவழைக்க முடியாது. தமிழ்நாட்டில் மது கடைக்குப் போய் வாங்க வேண்டிய பொருள். ஊரார் 'ஒயின் ஷாப்' என்று சொல்வதும் பிராந்திக்கடையைத்தான். திராட்சை மதுவுக்கும் பிராந்திக்கும் சட்டம் ஒன்றே.

அந்தச் சட்டம், ராஜாஜி சென்னை மாகாண முதல்வராக இருந்தபோது வந்த 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம். அவ்வாண்டு அக்டோபர் 1-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948 அக்டோபர் 2-இல் மாகாணம் முழுவதையும் எட்டியது. 1971-இல் தளர்ந்து, சில ஆண்டுகளில் திரும்பி, 1981-இல் மறுபடி தளர்ந்தது. சட்டத்தின் பெயரிலோ 'மதுவிலக்கு' இன்றும் இருக்கிறது. மதுவை மாநிலத்துக்குள் கொண்டுவருவது, ஏற்றிச் செல்வது, வைத்திருப்பது எல்லாமே அதன் 4-ஆம் பிரிவின்படி குற்றம். அரசு எதற்கு விலக்குத் தருகிறதோ அது மட்டுமே குற்றமாகாது. வீட்டுக்கு அனுப்பத் தடை எங்கே எழுதியிருக்கிறது என்று தேடுவதில் பயனில்லை. அனுமதி எழுதப்படவில்லை, அதுவே தடை.

1983-இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கிய அரசு நிறுவனமான டாஸ்மாக், 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையையும் தனியுரிமையாக ஏற்றது. 21 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது என்ற விதி உண்டு. கடைக்காரர் ஆளை நேரில் பார்ப்பதால்தான் அந்த விதிக்குக் கொஞ்சமாவது உயிர் இருக்கிறது.

அந்த 4-ஆம் பிரிவின் கூர்மையைக் கடலூர்க்காரர்கள் அன்றாடம் அறிவார்கள். அண்டையிலுள்ள புதுச்சேரி 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது; இன்றும் அதற்குத் தனி ஆயத்தீர்வைச் சட்டம், குறைந்த விலை. அங்கே முறையாகக் காசு கொடுத்து வாங்கிய பாட்டில், ஆல்பேட்டை சோதனைச்சாவடிக்கு வரும்போது கடத்தல் சரக்கு. பைக்கின் பெட்டியைத் திறக்கச் சொல்லி, பாட்டிலைத் திருப்பி லேபிளைப் பார்ப்பார்கள். சிக்கினால் வண்டியும் பறிமுதலாகலாம்.

ஒயினை வீட்டுக்கு அனுப்பும் கேள்வி அமெரிக்காவில் வேறு திசையில் போனது. உள்மாநில ஒயின் ஆலைகளுக்கு நேரடி விற்பனையை அனுமதித்து, வெளிமாநிலத்தாருக்கு மறுத்த மிச்சிகன், நியூயார்க் சட்டங்களை 2005-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாதவையாக்கியது. நம் உச்ச நீதிமன்றமோ, மது வணிகம் அடிப்படை உரிமை ஆகாது என்று 1994-இல் கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில் சொல்லிவிட்டது. மதுபானம் அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் இருப்பதால், முடிவு அந்தந்த மாநிலத்தின் கையில்.

தமிழ்நாட்டில் ஒரே ஒரு முறை கதவு திறக்கப் பார்த்தது. கொரோனா ஊரடங்கில் 2020 மே 7 அன்று திறந்த கடைகளில் கூட்டம் நெரிந்தது. மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் கடைகளை மூடச் சொல்லி, இணையவழி விற்று வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதை மட்டும் அனுமதித்தது. அரசுத் தரப்பு மேல்முறையீட்டுக்குப் போனது. மே 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடை விதித்தது. சத்தீஸ்கர், மேற்கு வங்கம், ஒடிசா ஆகியவை அதே மாதத்தில் வீட்டு விநியோகத்தைத் தொடங்கின. தமிழ்நாட்டில் மே 16 அன்று டோக்கன் கொடுத்துக் கடைகளையே திறந்தார்கள்.