உருவம் ஆளும் நாடு

சென்னைத் தொலைக்காட்சி பிறந்த நாள் 1975 ஆகஸ்டு 15. அதற்கு ஏழு வாரங்களுக்கு முன், ஜூன் 25 அன்றுதான் நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டிருந்தது. செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டிருந்த வேளையில், அரசின் கையிலிருந்த இப்புதிய சாதனம் நம் நகருக்குள் காலெடுத்து வைத்தது.

தொடக்கத்தில் மயிலையிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் தொலைக்காட்சிப் பெட்டி உள்ள வீடுகள் மிகச் சிலவே. நாளடைவில் வெள்ளிதோறும் 'ஒளியும் ஒலியும்', ஞாயிறு மாலை ஒரு திரைப்படம் என்ற வழக்கம் வேரூன்றியபோது, அண்டை வீட்டார் அனைவரும் ஒரே கூடத்தில் பாய் விரித்து அமர்ந்தனர். அரசு காட்டியதை மட்டுமே காண முடிந்தது. ஆயினும் பலர் கூடிக் கண்டனர், கண்டதைப் பற்றிப் பேசினர், முரண்பட்டும் வாதிட்டனர்.

அந்த ஒற்றை அலைவரிசைக் காலத்தில், 1980களில், ஆனந்த விகடனில் ஒரு தொடர்கதை வெளிவந்தது. சுஜாதா எழுதிய 'என் இனிய இயந்திரா'. திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று, பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றி, பின்னர் சென்னையில் வாழ்ந்து 2008இல் மறைந்தவர் அவர். கதையின் காலம் அன்றைக்கு எட்டாத தொலைவிலிருந்த 2020கள். இந்தியாவை ஜீவா என்னும் சர்வாதிகாரி ஆள்கிறான். மக்களின் பெயரும் பிள்ளைப்பேறும் முதியவரின் ஆயுளும் அரசின் கணக்கில் அடங்கியவை. நிலா என்னும் பெண்ணும் ஜீனோ என்னும் இயந்திர நாயும் இந்த ஆட்சியின் உண்மையைத் தேடிச் செல்கின்றனர். கிடைத்த விடை நம்மைத் திடுக்கிட வைப்பது: ஜீவா ஓர் ஆளே அல்லன், ஒளியால் புனையப்பட்ட வெற்றுருவம். இல்லாத ஒருவனுக்கு ஒரு நாடே அஞ்சிப் பணிந்திருந்தது. பின்னர் இக்கதை தூர்தர்ஷனிலேயே தொடராக வந்தது. உருவத்தின் ஆட்சியைப் பற்றிய எச்சரிக்கை, அரசின் திரை வழியாகவே நம் வீடுகளை அடைந்தது.

இருண்ட எதிர்காலத்தைக் கற்பனை செய்த இத்தகைய புனைவுகளுக்கு உலக இலக்கியத்தில் நீண்ட மரபுண்டு. இங்கிலாந்தின் கத்தோலிக்கக் குரு இராபர்ட் ஹியூ பென்சன் 1907இலேயே அத்தகைய நாவல் ஒன்றை எழுதினார். உலகம் முழுவதும் ஒரே தலைவனைத் தெய்வமெனக் கொண்டாடும் அக்கதையில், வாழ விரும்பாதோரைச் சட்டப்படி சாகவைக்கும் நிலையங்களும் உண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் இந்நூலைப் படிக்குமாறு பரிந்துரைத்தார். ஆர்வெல் 1949இல் வெளியிட்ட '1984' நாவலில், வீட்டுச் சுவரிலுள்ள திரை குடியிருப்போரைக் கண்காணிக்கிறது. 1932இல் வந்த ஹக்ஸ்லியின் நாவலிலோ எந்தத் திரையும் அச்சுறுத்தத் தேவையில்லை. இன்பமே மக்களைக் கட்டிப்போடுகிறது.

நெருக்கடி நிலையைக் கண்ட தலைமுறையினர் ஆர்வெலுக்கு அஞ்சினர், அது நியாயமே. ஆனால் 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கியதோடு நம் வரலாறு வேறு திசையில் திரும்பியது. விருப்பம்போல் தேர்ந்தெடுக்கும் உரிமை வந்தது. 1999இல் 'சித்தி', 2002இல் 'மெட்டி ஒலி' என நெடுந்தொடர்கள் மாலைப் பொழுதைத் தமதாக்கின. தியாகராய நகரின் நாகேஷ், மயிலையின் காமதேனு போன்ற திரையரங்குகள் மறைந்தன. கூடத்துப் பாயும் சுருட்டப்பட்டது. இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு திரை. நமக்கு எது பிடிக்கும் என்பதை நமக்கு முன்பே கணக்கிட்டுக் காட்டுகிறது கணினி. நம்மைப் பிரித்துவைக்க ஜீவா தேவைப்படவில்லை.

நெடுந்தொடர்களை எள்ளி நகையாடுவது கற்றோரிடையே வழக்கமாகிவிட்டது. அவற்றின் குறைகளை நாமும் அறிவோம். பெண்ணின் கண்ணீரை ஆண்டுக்கணக்கில் நீட்டுவதும், மாமியார் மருமகள் சூழ்ச்சியையே குடும்ப வாழ்வெனக் காட்டுவதும் பாராட்டத்தக்கன அல்ல. ஆயினும் மயிலையிலும் அடையாற்றிலும் பல்லடுக்குக் குடியிருப்புகளில் தனித்து வாழும் முதியோருக்கு நற்கருணை கொண்டு செல்கையில் நாம் காண்பது என்ன? பிள்ளைகள் கடல் கடந்து வாழ்கின்றனர். தவறாமல் குறித்த நேரத்தில் வந்து பேசும் ஒரே குரல், தொடரில் வரும் கதாநாயகியின் குரல். அவளுடைய துயரத்தைச் சொந்த மகளின் துயரம்போல் அவர்கள் நம்மிடம் சொல்கின்றனர். அவர்களை நகையாட யாருக்கு உரிமை உண்டு?

1958இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், அசிசி நகர்ப் புனித கிளாராவைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். நோயுற்றுப் படுத்திருந்த கிளாரா, கிறிஸ்து பிறப்பு இரவின் வழிபாட்டைத் தம் அறையிலிருந்தவாறே கண்டார் என்பது மரபு. எழ இயலாதவரிடம் தொலைவிலுள்ளதைக் கொண்டுவருவதுதான் இச்சாதனத்தின் பெருமை. ஆனால் அம்மரபின் பிற்பகுதியை நாம் மறந்துவிடுகிறோம். வழிபாடு முடிந்ததும் சகோதரியர் கிளாராவிடம் திரும்பி வந்தனர். தாம் கண்டதை அவர் அவர்களுக்கு எடுத்துரைத்தார்.

சுஜாதாவின் கதையில் முதியவரின் ஆயுளை அரசு முடிவு செய்தது. நம் நகரில் எந்த அரசும் அவ்வாறு ஆணையிடவில்லை. நாமே நம் முதியோரை ஓர் உருவத்திடம் ஒப்படைத்துவிட்டு அவரவர் திரைக்குத் திரும்பிவிட்டோம். எனவே தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள் என்று நாம் சொல்லப்போவதில்லை. அடுத்த வீட்டு முதியவருடன் ஒரு நாள் அமர்ந்து, அவர் பார்க்கும் தொடரை அரைமணி நேரம் பாருங்கள். முடிந்ததும் கதை என்னவென்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை எழாதிருங்கள்.