அங்கன்வாடிப் பணியாளர்

அங்கன்வாடிப் பணியாளர் என்பவர், இந்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் கீழ் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் சேவை செய்யும் பெண் ஊழியர். தமிழ்நாட்டு ஊர்களில் மையத்தைப் பால்வாடி என்றும், பணியாளரை டீச்சர் என்றும், உதவியாளரை ஆயா என்றும் அழைப்பது வழக்கம். 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய இத்திட்டத்தில் இன்று சுமார் 14 லட்சம் மையங்கள் உள்ளன. தமிழ்நாட்டில் மட்டும் 54,000க்கும் மேல்.

ஊட்டச்சத்துக் குறைவையும் குழந்தை இறப்பையும் தடுப்பதே திட்டத்தின் முதல் நோக்கம். வேலைக்குப் போகும் தாயின் நேரத்தைக் கணக்கில் வைத்து அது வகுக்கப்படவில்லை. 3 வயது நிரம்பிய குழந்தைக்கு மையத்தில் சூடான சாப்பாடும் முன்பருவக் கல்வியும் உண்டு. அதற்குக் குறைந்த வயதுப் பிள்ளைக்குக் கிடைப்பது பெரும்பாலும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவு. களையெடுக்கப் போகும் பெண் கைக்குழந்தையை யாரிடம் விடுவது என்ற கேள்வி அப்படியே நின்றது.

சட்டம் அந்தப் பொறுப்பை முதலாளியிடம் ஒப்படைத்தது. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். 50 பேருக்குக் குறையாத எல்லா நிறுவனங்களுக்கும் அதை விரித்தது 2017இல் வந்த பேறுகாலச் சலுகைச் சட்டத் திருத்தம். கூலிக்காரப் பெண்கள் இந்த இரண்டு எண்ணிக்கைக்குள்ளும் அடங்குவதில்லை. அவர்களுக்கென அரசு நடத்திய தேசியக் காப்பகத் திட்டம் 2022இல் மிஷன் சக்தி என்ற திட்டத்தின் அங்கமாகி, பால்னா என்று பெயர் மாறியது. இதன்படி 17,000 அங்கன்வாடிகளைக் காப்பகத்துடன் கூடிய மையங்களாக்குவது இலக்கு. 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள பிள்ளைகளை நாளுக்கு ஏழரை மணி நேரம், மாதத்தில் 26 நாள் பார்த்துக்கொள்ள, காப்பகத்துக்கெனத் தனியே ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் நியமிக்கப்படுகிறார்கள். இருக்கிற டீச்சர் தலையிலேயே இதையும் கட்டாமல் ஆள் கூட்டியதுதான் இத்திட்டத்தின் உருப்படியான அம்சம்.

பயிற்சியிலும் அரசு அக்கறை காட்டியிருக்கிறது. பிளஸ் டூ முடித்த பணியாளருக்கு 6 மாதச் சான்றிதழ்ப் படிப்பும், அதற்குக் குறைவாகப் படித்தவருக்கு ஓராண்டுப் பட்டயப் படிப்பும் வேண்டும் என்றது 2020 தேசியக் கல்விக் கொள்கை. 2023 மே மாதம் ‘போஷன் பீ படாயீ பீ’ என்ற பயிற்சித் திட்டம் தொடங்கியது. எடை பார்ப்பதும் உயரம் அளப்பதும் போஷன் டிராக்கர் செயலியில் பதிவதும் ஏற்கெனவே இவர்கள் வேலை.

சம்பள விஷயத்தில் இந்த வேகம் இல்லை. அரசின் கணக்கில் இவர்கள் கௌரவ ஊழியர்கள். மத்திய அரசு நிர்ணயிப்பது மதிப்பூதியம். 2018 அக்டோபரில் அது பணியாளருக்கு 3,000 ரூபாயிலிருந்து 4,500ஆகவும், உதவியாளருக்கு 1,500இலிருந்து 2,250ஆகவும் உயர்ந்தது. அதற்கு மேல் மாநிலங்கள் தங்கள் வசதிப்படி சேர்த்துக் கொடுப்பதால் ஒரே வேலைக்கு மாநிலத்துக்கு மாநிலம் வேறு சம்பளம். தமிழ்நாடு சிறப்புக் காலமுறை ஊதியம் வழங்குகிறது. நிரந்தர அரசு ஊழியராக்கு என்ற சங்கங்களின் கோரிக்கை மட்டும் இங்கும் ஓயவில்லை.

இவர்கள் வகிப்பது அரசுப் பதவி அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2006இல் கூறியது. குஜராத்திலிருந்து வந்த வழக்கில் 2022 ஏப்ரல் 25 அன்று, இது பகுதிநேர வேலை அல்ல என்றும், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடை பெற இவர்களுக்கு உரிமை உண்டு என்றும் தீர்ப்பளித்தது. ஆனாலும் மதிப்பூதியத்தில் மத்திய அரசின் பங்கு 2024 முடியும்வரை 2018ஆம் ஆண்டு அளவிலேயே இருந்தது.