கிளி இருக்க ஒரு வீடு

ஒரகடத்தில் நான் குடியிருக்கும் வரிசை வீடுகளில் எதிர்வீட்டுக்காரர் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. செய்யாற்றுப் பக்கத்துக்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டாம் வகுப்பில் படிக்கும் மகளையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "சார், பாப்பா கிளி வேணும்னு ஒரே அடம். ஊர்ல ஒருத்தர் குஞ்சு புடிச்சுத் தர்றேங்கிறார், ஐந்நூறு ரூபாதான். அதுக்கு மேல என்ன சார் செலவாகும்?" என்று கேட்டார். ஆண்டாளின் கையில் கிளி இருப்பதால் தமிழ் வாத்தியாருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று எண்ணினார் போலும். பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம் என்பதை அப்போதே சொல்லிவிட்டேன். ஆனால் அவர் கேட்ட கேள்வி என்னோடேயே தங்கிவிட்டது. நம் நாட்டில் கிளி வளர்த்தவர்கள் யார்? அவர்களால் அது எப்படி இயன்றது?

இந்தக் கேள்விக்கு முதல் விடை இந்த மண்ணிலேயே கிடக்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார், பரிசில் பெற்ற பாணன் ஒருவன் மற்றொரு பாணனுக்கு வழிசொல்லும் பாங்கில் தொண்டைநாட்டின் ஊர்களை ஒவ்வொன்றாகக் காட்டிச் செல்கிறார். அவற்றுள் ஒன்று அந்தணர் ஊர். பந்தலில் கன்று கட்டியிருக்கிறது; சாணம் மெழுகிய வீடு; கோழியும் நாயும் அவ்வெல்லைக்குள் வருவதில்லை; அங்கே வளைந்த வாயையுடைய கிளிக்கு மறையோசை பயிற்றுகிறார்கள். கல்லூரியில் இந்தப் பகுதியை நடத்தும்போதெல்லாம் வேதம் சொல்லும் கிளி என்ற வியப்போடு கடந்துவிடுவது என் வழக்கம். இப்போது படித்தபோது கண்ணில் பட்டது கிளியன்று, வீடு. கிளிக்கு ஓசை பயிற்ற ஆண்டுக்கணக்கில் ஒரே திண்ணையில் ஒரே குரல் ஒலிக்க வேண்டும். கற்பித்தவர் மறைந்தாலும் அவர் மகன் அதே திண்ணையில் அமர்ந்திருக்க வேண்டும். நிலைத்த குடிக்கே அது வாய்க்கும்.

குறிஞ்சி நிலத்துக் குடிகளுக்கோ கிளி பகை. தினைப்புனத்தில் பரண் அமைத்து, தட்டையும் கவணும் கொண்டு கிளி கடிவது அங்கே பெண்களின் வேலை. அகப்பாடல்களில் அது காதலுக்கு வாய்ப்பான இடமாகி அழகு பெற்றுவிட்டது. எனினும் அடிப்படையில் அது பசி பற்றிய செய்தி. விளைச்சலைக் காக்கப் போராடுகிறவருக்கு உரியது கவண்; விளைச்சல் வீடு வந்து சேர்ந்தவருக்கு உரியது கூண்டு. பிற்காலத்துத் தூது நூல்களில் கிளியைத் தூதனுப்பும் தலைவியரும் மாடம் உள்ள வீட்டினரே.

கோயில்களும் கிளி வளர்த்தன. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் கிளிக்கூட்டு மண்டபம் என்றே ஓர் இடம் உண்டு. ஒரு காலத்தில் அங்கே கூண்டுகளில் இருந்த கிளிகள் அம்மன் பெயரைச் சொல்லப் பழக்கப்பட்டிருந்தன. இன்று அங்கே கூண்டுகள் இல்லை. பெயர் மட்டும் நிற்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரின் வழி வேறு. ஆண்டாளின் கைக்கிளி நாள்தோறும் இலையாலும் பூவாலும் புதிதாகச் செய்யப்படுவது: மாதுளம்பூ மூக்கு, மரவள்ளி இலை உடல். மறுநாள் அது ஓர் அடியாரின் கைக்குப் போய்விடும். (மரவள்ளி போர்த்துகீசியர் வருகைக்குப் பிறகே நம் நாட்டை அடைந்த பயிர், ஆகவே கிளியின் இன்றைய உடல் பிற்காலத்தது.) திருப்பாவையில் தோய்ந்து திருப்பாவை ஜீயர் என்றே பெயர்பெற்ற இராமாநுசர் 1017இல் பிறந்தது எங்கள் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில்தான். கூண்டும் இன்றி, வெட்டிய சிறகும் இன்றி, ஒரு நாள் மட்டும் வாழும் அந்த இலைக்கிளியை எண்ணும்போது, கிளி வளர்ப்பின் சுமையை நன்கு அறிந்த யாரோதான் அதை முதலில் செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வெளியுலகம் நம் கிளியை அறிந்தது அதன் பேச்சால். பாரசீக அரசவையில் மருத்துவராயிருந்த கிரேக்கர் க்டீசியஸ், கி.மு. 400ஐ ஒட்டி, இந்தியாவின் மொழியைப் பேசும் பறவை என்று இதைக் குறித்தார். கிரேக்கம் கற்பித்தால் அதையும் பேசுமாம். கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமாபுரியின் பிளினி எழுதியது கொடுமை. கிளியின் தலை அலகைப் போலவே கடினமானது, ஆதலால் பாடம் கற்பிக்கும்போது இரும்புக் கம்பியால் அடித்தால்தான் அதற்கு உறைக்கும் என்கிறார். பாபர் தம் நினைவுக் குறிப்புகளில், கற்றுக்கொடுத்ததை மட்டுமே கிளி சொல்லும் என்று தாம் நம்பியிருந்ததாகவும், துணியால் மூடிய கூண்டுக்குள்ளிருந்து மூச்சு முட்டுகிறது, முகத்தைத் திற என்று ஒரு கிளி சொன்னதாகத் தம் ஆள் ஒருவர் கூறியதாகவும் பதிகிறார். அதன் உண்மை பொய்யைச் சொன்னவர் பொறுப்பில் விட்டுவிடுகிறார். அரசர் என்றாலும் நல்ல எழுத்தாளர்.

சென்னையில் கிளி வாங்க வேண்டுமென்றால் மக்கள் மூர் மார்க்கெட்டுக்குப் போன காலம் ஒன்றிருந்தது. 1900இல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடம் 1985 மே மாதத் தீயில் அழிந்தது. பழைய புத்தகத்துக்காகப் போனவர்களின் நினைவுகளில்கூடப் பறவைக் கூண்டுகளின் இரைச்சல் வந்துவிடும். கிளி சோதிடர்களின் கதை இன்னும் நெருக்கமானது. வீடற்று ஊர் ஊராய்த் திரிந்தவர்கள் கிளி வளர்த்தது அந்தத் தொழிலில்தான். அங்கே கிளி செல்லப்பிராணி அன்று. குடும்பத்தில் உழைக்கும் ஒருவர். 1972இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், இந்தியப் பறவைகளின் வணிகத்தை நிறுத்திய 1991இன் திருத்தமும் அவர்களைக் குற்றவாளிகளாக்கின. 2022இன் திருத்தத்துக்குப் பின் பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. மீறினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். 2024 மக்களவைத் தேர்தலின்போது கடலூரில் ஒரு வேட்பாளரின் வெற்றியைக் கணித்துச் சொன்ன சோதிடரை வனத்துறை பிடித்து, கிளிகளைப் பறிமுதல் செய்து, எச்சரித்து விடுவித்தது. சட்டம் சரியே. ஆயினும் அந்த மனிதரின் அடுத்த வேளைச் சோற்றைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

சட்டத்துக்கு உட்பட்டவை அயல்நாட்டுப் பறவைகள். லவ் பேர்ட்ஸ் என்று நாம் அழைக்கும் ஆஸ்திரேலியச் சிறுகிளிகள் சில நூறு ரூபாயில் கிடைக்கின்றன. ஆப்பிரிக்கச் சாம்பல்கிளியின் விலை பல பத்தாயிரங்கள். அதை 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்யவும் வேண்டும். விலையோடு முடிவதில்லை. சிறகை முழுதாக விரித்துத் திரும்பக்கூடிய கூண்டு, வெறும் சூரியகாந்தி விதையாக இல்லாமல் பழமும் கீரையும், ஒட்டாத வாணலி அளவுக்கு மீறிச் சூடானால் எழும் புகை எட்டாத சமையலறை, பறவை நோயறிந்த மருத்துவர். அப்படிப்பட்டவரைத் தேடி ஒரகடத்திலிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும். தனித்து விடப்பட்ட கிளி தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். எனவே பெருஞ்செலவு, வீட்டில் ஓர் ஆள் இருப்பது.

இதற்கும் மேலானது காலம். பச்சைக்கிளி கூண்டில் 20 ஆண்டுகளுக்கு மேலும், சாம்பல்கிளி 40, 50 ஆண்டுகளும் வாழக்கூடியவை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் தொடங்கி 2014இல் மூடப்பட்டது. ஆலை திறந்த ஆண்டில் ஒரு தொழிலாளி பச்சைக்கிளிக் குஞ்சு ஒன்றை வாங்கியிருந்தால், ஆலை மூடிய பிறகும் அந்தக் கிளிக்குப் பாதி ஆயுளுக்கு மேல் மிச்சம் இருந்திருக்கும். இங்கே வாடகை ஒப்பந்தம் 11 மாதம். வேலை ஒப்பந்தம் சில வேளைகளில் அதனினும் குறைவு. வாரத்துக்கு ஒரு ஷிப்ட். வல்லம் வடகாலில் 2024இல் பெண் தொழிலாளர்களுக்கென 18,720 பேர் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. பெரிய காரியம்தான், ஆனால் அங்கே ஒருத்திக்கு உரியது ஒரு கட்டில். பெரும்பாணன் நடந்த அதே தொண்டைநாட்டில், ஆயிரக்கணக்கானோர் உழைத்தும், கிளி இருப்பதற்கான வீடு மட்டும் உருவாகவில்லை.

எங்கள் பாட்டி வீட்டில் ஒரு கிளி இருந்தது. வாலாஜாபாத்தை அடுத்த கிராமம். தை முதல் சித்திரை வரை பனைமரப் பொந்துகளில் கிளிக்குஞ்சு எடுப்பார்கள், அப்படி வந்தது. அது குற்றம் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. பாட்டியின் குரலில் என் மாமாவைப் பெயர் சொல்லி அழைக்கும். பாட்டி இறந்து, வீட்டைப் பூட்டியபோது, கிளியை யார் கொண்டுபோவது என்பதில் பேச்சு வந்தது. எல்லோரும் வாடகை வீட்டில் இருந்தார்கள். கூண்டைத் திறந்து வைத்தோம். வெட்டிய சிறகோடு திண்ணை வரை நடந்து வந்து, வெயில் ஏறியதும் திரும்ப உள்ளே போய்விட்டது. மூன்றாம் நாள் ஒரு சோதிடர் வந்து வாங்கிக்கொண்டு போனார். எனக்கு அப்போது வயது பத்து. புதியவர் கையிலிருந்த கூண்டுக்குள்ளிருந்து அது பாட்டியின் குரலில் மாமாவை அழைத்துக்கொண்டே போனது. மாமா வீட்டுக்குள்ளேயே இருந்தார், வெளியே வரவில்லை.

இதை எதிர்வீட்டுக்காரரிடம் அன்று முழுதாகச் சொல்லவில்லை. "இருபது வருஷம் சார்?" என்று மட்டும் ஒருமுறை கேட்டுக்கொண்டார். பிறகு மகளுக்கு ஒரு சிறிய மீன்தொட்டி வாங்கிக் கொடுத்தார். சென்ற தை மாதம் ஒப்பந்தம் முடிந்து ஓசூர்ப் பக்கம் போய்விட்டார்கள். சாமான்கள் ஒரு சின்ன வண்டியில் அடங்கின. மீன்தொட்டி தண்ணீரோடு போகாது என்பதால் எங்கள் வீட்டில் இருக்கிறது. பாப்பா வாரம் ஒருமுறை போன் செய்து மூன்று மீன்களையும் விசாரிக்கிறாள்.